ஒத்துப்போன இரண்டு கடிகாரங்கள்

என் அறையில் ஒரு ரேடியோ இருக்கிறது. பழுப்பு நிறத் தோல் உறை போட்டது. உறையின் மூடியில் இருந்த இரண்டு பொத்தான்களில் ஒன்று அறுந்துவிட்டது, அதனால் மூடி ஒரு பக்கம் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். என் அறைக்கு வருகிறவர்கள் குறைவு. வருகிறவர்களும் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு பொத்தான் தைத்தால் நன்றாக இருக்குமே என்பார்கள். எனக்குத் தைக்கத் தெரியும். ஊசியும் இருக்கிறது. தைக்கமாட்டேன். அதற்குக் காரணம் கேட்டால் அந்த ரேடியோ வந்த கதையைச் சொல்ல வேண்டும். இதுவரை நான் யாருக்கும் முழுசாகச் சொன்னதில்லை. சொன்னால் பாதியில் கோபம் வந்துவிடும். இப்போதும் வரும். வந்தாலும் எழுதி முடித்துவிடுகிறேன்.

நான் வேலை பார்த்தது தூத்துக்குடியில் ஒரு கப்பல் கம்பெனியில். பெயர் வேண்டாம். எழுபதுகளில் புதுத் துறைமுகம் வந்ததும் கம்பெனி இரண்டாகப் பிரிந்தது. ஆபீஸ் பழைய இடத்திலேயே, கடற்கரைச் சாலையில், தேக்குப் படிக்கட்டு வைத்த பழைய கட்டடத்தில் இருந்துவிட்டது. பட்டறை, சரக்கு அடுக்குகிற கிட்டங்கி, கூலி ஆட்கள் எல்லாம் புதுத் துறைமுகத்துப் பக்கம் போட்ட யார்டுக்கு வந்தன. நான் எலக்ட்ரீஷியன், என்னை யார்டுக்குப் போட்டார்கள். அங்கே ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம். நடுவில் தார் கூடச் சரியாக இறுகாத ஒரு ரோடு. மரம் கிடையாது. கடை என்று ஒரே ஒரு டீக்கடை. மாலையில் ஆட்கள் பஸ் ஏறிப் போய்விட்டால் காற்றும் நானும் வாட்ச்மேனும்தான். வாட்ச்மேனுக்குக் காது மந்தம். யார்டுக்குள்ளேயே எனக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பது இந்தக் கதைக்கு வேண்டாத விஷயம்.

என் பொறுப்பில் இருந்தவற்றில் ஒன்று கடிகாரம். கடிகாரம் என்றால் ஒன்று அல்ல. என் அறைக்குப் பக்கத்து அறையில், ஆள் உயரக் கண்ணாடிப் பெட்டிக்குள், பெண்டுலம் ஆடுகிற மாஸ்டர் கடிகாரம் ஒன்று. அதிலிருந்து வயர் கிளம்பி யார்டு முழுக்கப் போகும். கேட்டில், பட்டறையில், கிட்டங்கியில், லாஞ்ச் படகுகள் வந்து கட்டுகிற துறையில் எல்லாம் சுவரில் வட்டக் கடிகாரங்கள் இருக்கும். அவற்றுக்குச் சொந்தப் புத்தி கிடையாது, வெறும் முகங்கள். மாஸ்டர் அரை நிமிடத்துக்கு ஒருமுறை வயரில் ஒரு தட்டுத் தட்டும். எல்லா முள்ளும் ஒரே நேரத்தில் டக்கென்று ஓர் அடி முன்னே போகும். ஷிப்டுச் சங்கும் அதே மாஸ்டரில்தான் கட்டியிருந்தது. கடற்கரைச் சாலை ஆபீசிலும் இதே மாதிரி ஒரு மாஸ்டரும் அதன் முகங்களும் உண்டு. இரண்டு மாஸ்டருக்கும் நடுவில் வயர் கிடையாது. வயர் இழுக்கக் கம்பெனிக்கு மனமில்லை. அதனால் இரண்டையும் தினமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகச் செய்வதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி, டெலிபோன்.

ஆபீஸ் மாடியில் டெலிபோன் போர்டில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார்கள். எக்ஸ்சேஞ்ச் அக்கா என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். அவர்கள் மேசையில் ஒரு கம்பெனி ரேடியோ இருந்தது. காலை எட்டு மணிக்கு ரேடியோவில் பீப் பீப் என்று வரும் சத்தத்தைக் கேட்டு, முதலில் அங்கிருக்கும் மாஸ்டரைச் சரிசெய்வார்கள். பிறகு எனக்கு போன் வரும். என் கடிகாரம் தினமும் சில வினாடி பிந்தும். உப்புக் காற்று அதை விடாது. நான் முள்ளை அடுத்த அரை நிமிடத்துக்குத் தள்ளிவைத்து, ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் பெண்டுலத்தை ஓரமாகப் பிடித்தபடி நிற்பேன். கனமான பெண்டுலம். அது கையில் இழுக்கும். கடிகாரம் முழுக்க நின்றுபோய், யார்டு முழுக்க எல்லா முள்ளும் நின்றுபோய், ஒரு குரலுக்காகக் காத்திருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து, "பிடிச்சிருக்கியளா? இருங்க. இருங்க. ம், விடுங்க" என்று வரும். கையை எடுப்பேன். நேரம் ஓட ஆரம்பிக்கும். போன் வைக்கப்பட்டுவிடும். வருடக்கணக்கில் இது நடந்தது. நான் அவர்களைப் பார்த்ததில்லை. என் சம்பளம் யார்டுக்கே வந்துவிடும். ஆபீஸ் மாடியில் எனக்கு வேலை இருந்ததில்லை.

பார்க்காவிட்டாலும் கொஞ்சம் தெரியும். அவர்கள் வீட்டுக்காரர் கம்பெனித் தோணியில் தண்டல், அதாவது தோணியை நடத்துகிறவர். ஒரு மழைக்காலத்தில் கப்பலிலிருந்து சரக்கு ஏற்றி வரும்போது தோணி கவிழ்ந்தது, ஆள் கிடைக்கவில்லை. கம்பெனி அனுதாபத்தில் அந்த அம்மாவுக்கு இந்த வேலையைக் கொடுத்தது. அனுதாபம் என்றால் தற்காலிகம் என்று அர்த்தம். குறிப்பிட்ட மாதத்துக்கு ஒருமுறை மேனேஜர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் வேலை நீளும், போடாவிட்டால் இல்லை. ஒரே மகள், சாயர்புரத்தில் அவர்களுடைய அம்மாவிடம் இருந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அவர்கள் மட்டும் இங்கே ஒரு அறை எடுத்துத் தனியாக இருந்தார்கள். இதெல்லாம் லாஞ்ச்காரர்கள் சொன்னது. அக்கா என்னிடம் சொன்னது ஒரே ஒரு வரிதான், ஒருநாள் போன் கொஞ்சம் பிந்தியபோது: "மேனேஜர் கையெழுத்துக்கு நின்னேன் அண்ணாச்சி. நாய் சோத்துக்கு நிக்கிற மாதிரி."

என்னைவிட அவர்களுக்கு வயது அதிகம் இருக்கும். இருந்தாலும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் கடைக்காரன் மாதிரி முறைப்பாகப் பேசுகிறேனாம்.

பிறகு ஒரு ஐப்பசியில், மழை தொடங்கின நேரம், போனில் வருகிற பேச்சு மாறியது. பிடிச்சிருக்கியளா என்று கேட்பதற்குப் பதிலாக, "அண்ணாச்சி, முதல்ல உங்க மணி என்ன காட்டுதுன்னு சொல்லுங்க, பாப்போம்" என்றார்கள். நான் முள்ளைப் பார்த்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சரியா இருக்கு அண்ணாச்சி. ஒத்துப்போகுது. ஒண்ணும் செய்யவேண்டாம்" என்றார்கள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். எனக்கு என்ன தோன்றியது என்றால், நான் அந்த மாதம்தான் பெட்டியைத் திறந்து, சக்கரங்களைத் துடைத்து, எண்ணெய் விட்டு, கண்ணாடி விளிம்புக்கு மெழுகு பூசியிருந்தேன். அந்த வேலை பலித்துவிட்டது என்று நினைத்தேன். உப்புக் காற்றில் ஒரு வினாடி பிசகாமல் ஓடுகிற கடிகாரம். பட்டறை ஃபோர்மேனிடம் சொல்லி மார் தட்டிக்கொண்டேன். அவர், "அந்தக் கையால என் ஃபேனையும் தொட்டுட்டுப் போ" என்றார்.

பெண்டுலத்தைப் பிடிக்கவேண்டாம் என்று ஆனதும் என் கை சும்மா இருந்தது. அவர்களும் உடனே போனை வைக்கவில்லை. ஒத்துப்போகுது என்று சொன்ன பிறகு ஒரு வார்த்தை வரும். அது நாளடைவில் நாலு வார்த்தை ஆயிற்று.

"இன்னைக்கி என்ன சமைச்சிய?"

"சோறும் கருவாடும்."

"நேத்து?"

"கருவாடும் சோறும்."

"ரெண்டும் வேற வேறதான், சரி. ஒரு முருங்கக்காய் வாங்கிப் போட்டா கை ஒடிஞ்சு போவுமா?"

மறுநாள் முருங்கைக்காய் வாங்கிப் போட்டேன். போட்டேன் என்று சொல்லவில்லை. அவர்களாகவே கேட்டார்கள், ம் என்றேன். என் பேச்சு பெரும்பாலும் ம்தான். "உங்க வீட்டுல வார்த்தைக்கு ரேஷன் கார்டா?" என்று கேட்பார்கள். மகள் கணக்கில் குறைந்தது, சாயர்புரம் பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்றபடி போனது, அறைக்கு எதிரே ஒரு வீட்டுக்காரன் காலையில் தொண்டை கிழியப் பல் துலக்குவது, எல்லாம் அந்த வயரில் வந்தது. ஒருநாள் ஏதோ கேட்டார்கள், நான் சிரித்துவிட்டேன். பிறகு, "சத்தம் வந்துச்சே, கடியாரத்துக்கு ஏதாவது ஆயிட்டா?" என்றார்கள். பேச்சு முடிந்து ரிசீவரை வைத்தால் யார்டில் காற்றுச் சத்தம் முன்னைவிட அதிகமாகக் கேட்கும். நாள் முழுக்க யாரிடமும் அப்படிப் பேசப்போவதில்லை என்பது தெரியும். மறுநாள் காலை வரைக்கும் அந்தப் பேச்சைத்தான் வைத்துக்கொண்டிருப்பேன். அந்த மழைக்காலமும் அதற்கடுத்த பனிக்காலமும்தான் நான் அந்த யார்டில் நன்றாக இருந்த நாட்கள்.

ஆட்கள் முணுமுணுக்க ஆரம்பித்தது தை மாதத்தில். மாலைச் சங்கு ஊதி அவர்கள் கேட்டைத் தாண்டுவதற்குள் பஸ் போய்விடுகிறது என்றார்கள். அந்த பஸ்ஸை விட்டால் உப்பளம் வழியே ஊர்வரைக்கும் நடைதான். நாள் முழுக்க மூட்டை தூக்கினவனுக்கு அது சின்ன நடை அல்ல. பஸ்காரன் சீக்கிரம் எடுக்கிறான் என்று முதலில் அவனோடு சண்டை போட்டார்கள். அவன் தன் கைக்கடிகாரத்தைக் காட்டினான். பிறகு கம்பெனி பக்கம் திரும்பினார்கள். வேணுமென்றே சங்கை லேட்டாக ஊதி உழைப்பைத் திருடுகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. காலைச் சங்கும் அதே அளவு பிந்துகிறது, கேட்டும் அதே அளவு பிந்தித்தான் மூடுகிறது. அது யாருக்கும் உறைக்கவில்லை. உறைக்காது. காலையில் கிடைப்பது தெரியாது, மாலையில் போவதுதான் தெரியும்.

மேனேஜர் யார்டுக்கு வந்து எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசினார். கேட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள், பட்டறைக் கடிகாரத்தைப் பாருங்கள், ஆபீசுக்கு போன் போட்டு அங்கே என்ன மணி என்று கேளுங்கள், எல்லாம் ஒன்றாக இருக்கிறதா இல்லையா என்றார். எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது. "இத்தனை கடிகாரம் பொய் சொல்லுமாடா?" என்று கேட்டார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். எங்கள் கம்பெனிக்குள் எந்த மூலையில் போய்ப் பார்த்தாலும் ஒரே நேரம்தான்.

மறுநாள் காலை, மூட்டை ஆட்களின் மேஸ்திரி கையில் ஒரு டிரான்சிஸ்டரோடு வந்தார். கேட்டுக்குள் நுழையவில்லை. கேட்டுக்கு வெளியே, கடிகாரத்துக்கு நேர் கீழே, கவிழ்த்துப்போட்ட ஒரு டிரம் மேல் அதை வைத்தார். ஆட்கள் சுற்றி நின்றார்கள். மேஸ்திரி என்னைப் பார்த்து, "கரெண்டுகார அண்ணாச்சி, நீங்களும் வந்து நில்லுங்க. உங்க பிள்ளை எம்புட்டு ஒழுங்குன்னு பாப்போம்" என்றார். யாரோ சிரித்தார்கள். ரேடியோவில் பாட்டு ஓடியது. பாட்டு நின்றது. பீப் சத்தம் வந்தது, ஒன்றன்பின் ஒன்றாக. கடைசி பீப் முடிந்து எட்டு மணி என்று ஒரு குரல் சொன்னது. எல்லோரும் தலையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பெரிய முள் பன்னிரண்டுக்கு வெகு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தது. டக்கென்று ஓர் அடி வைத்தது. செய்தி வாசிக்க ஆரம்பித்தார்கள், அதை யாரும் கேட்கவில்லை. எல்லோரும் அந்த முள் ஒவ்வொரு அடியாக ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாலைந்து நிமிடம் இருக்கும். அவ்வளவு நீளமான நாலைந்து நிமிடத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. கடைசியில் முள் மேலே வந்தது, என் சங்கு ஊதியது. மேஸ்திரி ரேடியோவை அணைத்து, "உங்க எட்டு மணி இப்பதான் வந்திருக்கு. இன்னைக்கி வேலை கிடையாதுலே, வாங்க" என்றார். ஆட்கள் திரும்பிப் போனார்கள். உள்ளே போன் அடித்தது. எடுத்தேன். "அண்ணாச்சி, உங்க மணி சொல்லுங்க" என்றார்கள். நான் சொல்லவில்லை. கேட்டில் நடந்ததைச் சொன்னேன். "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்கள்.

ஆட்கள் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்றால் கம்பெனிக்கு ஒரு குற்றவாளி வேண்டும். மெட்ராஸிலிருந்து ஓர் அதிகாரி வந்து விசாரணை வைத்தார். கடற்கரைச் சாலை ஆபீசுக்கு என்னையும் வரச் சொன்னார்கள். தேக்குப் படிக்கட்டு ஏறிப் போனால் மேலே ஒரு பெஞ்சு. பெஞ்சில் ஒல்லியாக, மூக்குக் கண்ணாடி போட்ட ஓர் அம்மா மடியில் சாப்பாட்டு டப்பாவோடு உட்கார்ந்திருந்தார்கள். குரலை வைத்து நான் பெரிய உருவமாக நினைத்திருந்தேன். அதனால் தாண்டிப் போனேன்.

"யார்டு அண்ணாச்சியா?" என்று முதுகுக்குப் பின்னால் கேட்டது. திரும்பினேன். "ம்னு ஒரு தடவ சொல்லுங்க, பாப்போம்."

"ம்."

"அவியதான். உக்காருங்க."

உட்கார்ந்தேன். நேரில் பேச எங்களுக்குத் தெரியவில்லை. இருவரும் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு, போனில் பேசுவது மாதிரிப் பேசினோம். அப்போதுதான் சொன்னார்கள். ரேடியோ மேசையில் இல்லை. ஐப்பசியிலேயே போய்விட்டது. கரகர என்கிறது, ரிப்பேருக்குக் கொடுக்கிறேன் என்று மேனேஜர் எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரவில்லை. இரண்டு தடவை கேட்டார்களாம். வரும் வரும் என்றாராம். பியூன் சொல்லித்தான் தெரிந்தது, ரேடியோ மேனேஜர் வீட்டுக் கூடத்தில் டெஸ்ட் மேட்ச் வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போடுகிற ஆளிடம் மூன்றாவது தடவை கேட்க முடியாது. நேரம் தெரியவில்லை என்று யாரிடமும் சொல்லவும் முடியாது. சொன்னால் ஏன் என்பார்கள். அதனால் என் மணியைக் கேட்டு, அதை வைத்து அங்கிருக்கும் மாஸ்டரைத் திருத்திவிட்டு, அதையே எனக்குச் சரியாக இருக்கிறது என்று திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள். என் கடிகாரம் தினமும் பழையபடி சில வினாடி பிந்தியது. அவர்களுடையது அதன் பின்னாலேயே வந்தது. இரண்டும் கைகோத்துக்கொண்டு பிந்திப் போயின.

"பத்து நாளைக்குத்தான்னு நினைச்சேன். உங்க கடியாரம் எப்படியும் பிந்தும்னு உங்களுக்குத் தெரியாதா? என்னைக்காவது, இது எப்படி ஒத்துப்போகும்னு நீங்க ஒரு வார்த்தை கேப்பியன்னு இருந்தேன். நீங்க கேக்கல."

"நான் நல்லாத் துடைச்சு வச்சிருக்கேன்னு நினைச்சேன்."

அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு விஷயம் கேட்க வேண்டியிருந்தது, கேட்டுவிட்டேன். நான் எதையும் சுற்றிவளைத்துக் கேட்கிறவன் அல்ல.

"நான் ரேடியோவப் பத்திக் கேக்கக்கூடாதுன்னுதான் அவ்வளவு பேசினியளா?"

சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திறந்து திரும்ப மூடினார்கள். "முதல்ல அதுக்குத்தான். பொய் சொல்ல மாட்டேன்" என்றார்கள். கொஞ்சம் பொறுத்து, "அது மட்டும்னா முருங்கக்காய் வரைக்கும் எதுக்குப் பேசணும்? எனக்கும் அறைக்குப் போனா செவுருதான அண்ணாச்சி" என்றார்கள்.

நான் எழுந்தேன். உள்ளே போய் ரேடியோ எங்கே இருக்கிறது என்று சொல்லப்போகிறேன் என்றேன். என் சட்டைக் கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள். வாயைத் திறக்காமல் இருந்தால் கிட்டங்கியில் கணக்கு எழுதுகிற வேலையில் போடுகிறேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தாராம். "அவிய சொன்னா சொன்னதுதான். நீங்க போய்க் கெடுத்துராதிய. என் பிள்ளை படிச்சுக்கிட்டு இருக்கா." ரேடியோ எப்படி இருக்கும் என்று கேட்டேன். தோல் உறை போட்டது, ஒரு பொத்தான் அறுந்திருக்கும், தைக்கவேண்டும் என்று பொத்தானை எடுத்துத் தன் பையில் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அதற்குள் ரேடியோ போய்விட்டது.

உள்ளே கூப்பிட்டார்கள். ரேடியோவைப் பற்றிப் பேசவில்லை, அவர்கள் சொன்னதற்காக. ஆனால் தப்பான நேரம் என் கடிகாரத்திலிருந்துதான் போனது என்று சொன்னேன். அதிகாரி ஒரு காகிதத்தைத் திருப்பி எனக்குக் காட்டினார். ரேடியோவிலிருந்து ஆபீஸ், ஆபீசிலிருந்து யார்டு என்று அம்புக்குறி போட்டிருந்தது. "பாருங்க, டைம் அங்கே இருந்து உங்களுக்கு வருது. உங்ககிட்ட இருந்து அங்கே போகாது" என்றார். போனது சார், மூன்று மாதமாகப் போனது என்றேன். "ஆர்டர்ல அப்படி இல்லையே" என்றார். அவர் கெட்டவர் அல்ல. காகிதத்தில் இல்லாத அம்பு அவர் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். சொன்னதைச் செய்தவன் நான், என் மேல் தவறில்லை என்று எழுதிக்கொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேசையைக் கவிழ்த்திருக்க வேண்டும். வெளியே வந்தபோது பெஞ்சு காலியாக இருந்தது. அவர்கள் வேறு கதவு வழியாக உள்ளே போயிருந்தார்கள். அதற்குப் பிறகு நான் அவர்களைப் பார்க்கவில்லை.

கிட்டங்கி வேலை கிடைக்கவில்லை. மேனேஜர் கையெழுத்துப் போடவில்லை, அவ்வளவுதான். நீக்கினோம் என்றுகூடச் சொல்லவேண்டியிருக்கவில்லை. எனக்குத் தெரிந்தது, ஒருநாள் காலை போனில் வேறு ஒரு குரல் கேட்டபோது. நான் அன்றைக்கே லாரியைப் பிடித்துக் கடற்கரைச் சாலைக்குப் போனேன். கிளார்க்குகள் எல்லோரும் இருக்கும்போது மேனேஜர் மேசை முன்னால் நின்று, "உங்க வீட்டுக் கூடத்தில மேட்ச் கேக்குற ரேடியோ யாரோடது? அதக் கொண்டாந்து வைங்க, பாப்போம்" என்றேன். இன்னும் சில வார்த்தைகளும் சொன்னேன், அவற்றை அச்சில் போடமாட்டார்கள். அவர் முகம் செத்துப்போயிற்று. என்னை வேலையைவிட்டு எடுக்கவில்லை. நான் நிரந்தரம், அதோடு மூட்டை ஆட்கள் என் பக்கம் நின்றுவிடுவார்கள் என்ற பயம். அந்த அம்மாவுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இரண்டு நாள் கழித்து பியூன் யார்டுக்கு வந்து ஒரு பொட்டலம் கொடுத்தான். "ஐயா குடுத்து விட்டாவ. இனிமே உங்க மணிய நீங்களே பாத்துக்கிடணுமாம்." பிரித்தேன். தோல் உறை. மூடி ஒரு பக்கம் தொங்கியது.

அன்றிலிருந்து ஆபீசுக்கு ஒரு புது ரேடியோ, எனக்கு இது. எட்டு மணிக்கு நான் முள்ளைத் தள்ளி, பெண்டுலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பீப் வரும், விடுவேன். யார்டில் பிறகு ஒரு நிமிடம்கூடப் பிசகியதில்லை. சங்கு ஊதினால் ஆட்கள் பஸ்ஸைப் பிடித்தார்கள். போனுக்கு அவசியம் இல்லாமல் போயிற்று. அது மேசையில் கிடந்தது. புதுப் பெண்ணுக்கு என்னோடு பேச ஒன்றும் இல்லை, எனக்கும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயர்புரம் போனேன். கோயிலில் ஆராதனை முடிந்து ஆட்கள் வெளியே வருகிற நேரம். கப்பல் கம்பெனியில் டெலிபோனில் இருந்த அம்மா என்று விசாரித்தேன். வீட்டைக் காட்டினார்கள். பூட்டியிருந்தது. மகளையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு எங்கேயோ ஹாஸ்டல் வேலைக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எந்த ஊர் என்று தெரியவில்லை. "நீங்க யாரு?" என்று கேட்டார்கள். கூட வேலை பார்த்தவன் என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

கம்பெனி பிறகு மூடிப்போனது. மூடும்போது ரேடியோவை யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. இப்போது தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில், திருநெல்வேலி ரோட்டை ஒட்டி, ஓர் அறையில் இருக்கிறேன். தங்கச்சி மகன் ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்திருக்கிறான். அதில் மணி திருத்தவேண்டியதே இல்லை, தானாகச் சரியாகிக்கொள்ளும் என்றான். யாரிடமிருந்து சரியாகிக்கொள்ளும் என்று கேட்டேன். மேலே ஒரு கம்ப்யூட்டர் இருக்கும் மாமா, அதைப் பார்த்து என்றான். அது யாரைப் பார்க்கும் என்றேன். அதற்கு மேலே ஒன்று என்றான். அதுக்கும் மேலே ஒருத்தன் ரேடியோவை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வியள் என்று கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. சிரித்தான். அந்தப் போன் என் அறையில் அடிப்பது எப்போதாவதுதான்.

காலையில் ரேடியோவைப் போடுகிறேன். எட்டு மணிக்கு செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிறேன். ஒத்துப்போகிறது. ஒவ்வொரு நாளும் ஒத்துப்போகிறது, யாரும் யாரிடமும் எதையும் கேட்காமலேயே. அந்த மழைக்காலம் முழுக்க நான் தப்பான நேரத்தில் இருந்தேன். சரியா இருக்கு அண்ணாச்சி என்று ஓர் ஆள் தினமும் எனக்குப் பொய் சொன்னார்கள், சொல்லிவிட்டு என்ன சமைச்சிய என்று கேட்டார்கள். இப்போது நேரம் சரியாக இருக்கிறது. ரேடியோவை அணைத்து உறைக்குள் வைக்கிறேன். மூடி ஒரு பக்கம் தொங்குகிறது. அந்தப் பொத்தான் அவர்கள் பையில் இருக்கிறது.